அறுநூற்றுப் பத்து

கடைசிக் கேள்வி முடிந்ததும் திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு காட்டியது: அறுநூறு.
பக்கத்துத் தடுப்பில் ஒருவன்
இன்னும் ஒரு முக்கோணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இது மூன்றாவது முறை.
முதலில் ஐந்நூற்றெழுபது, அடுத்து அறுநூற்றுப் பத்து.
இப்போது பணமும் கட்டி
பத்து மதிப்பெண்ணைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சிகாகோவில் நான் கேட்கிற பள்ளியின் சராசரி எழுநூற்று முப்பது.
சராசரி எனக்குத் தெரியும்.
டுலூத் துறைமுகத்தில் ஜனவரியின் சராசரிக் குளிர்
யார் விரலையும் கடித்ததில்லை.
கடிப்பது அன்றன்றைய குளிர்.

என் வேலை இது:
இரும்புத்தாதுக் கப்பல் எது எந்த மேடைக்கு,
எத்தனை ரயில் பெட்டி, எவ்வளவு டன்,
ஏரி உறைவதற்குள் இன்னும் எத்தனை நடை.
விரல்விட்டு எண்ணுகிறேன்.
பேச்சுக்குச் சொல்லவில்லை.
மேசைக்கு அடியில், ஒவ்வொன்றாக மடக்கி.

விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு காலிப் பெட்டி.
வேறு ஏதாவது விளக்க விரும்பினால்,
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.
விருப்பம் இருந்தால் மட்டும் என்று போட்டிருந்தார்கள்.
அறுநூற்றுப் பத்து வாங்கியவளுக்கு
விருப்பம் என்று ஒன்று உண்டா?

முதல் வரைவில் அம்மாவின் அறுவைசிகிச்சை வந்தது.
நிஜம்தான். ஆனால் அது நடந்தது
தேர்வுக்கு இரண்டு மாதம் கழித்து.
அழித்தேன்.
இரண்டாவதில் "தடைகளைத் தாண்டி" என்று நான்கு இடத்தில்.
வாசித்துக் காட்டினேன்.
என் தங்கை ஐலி கரண்டியை சூப்பிலேயே விட்டுவிட்டு
"யார் இவள்?" என்றாள்.
மூன்றாவதில் மிஞ்சியது இவ்வளவு:

எனக்கு நேரம் போதவில்லை. எப்போதும் போதாது.
ஒரு கணக்கை இரண்டு முறை பார்ப்பேன்.
ஆயிரம் டன் கூடுதலாக ஏற்றிவிட்டால்
ஆற்றுத் திருப்பத்தில் கப்பல் தரைதட்டும்.
தேர்வில் எதுவும் தரைதட்டாது என்பது
என் கைக்கு இன்னும் தெரியவில்லை.

பரிந்துரையை ரூடி ஸ்கோக்லண்ட் எழுதினார்,
இரண்டு விரலால், மூன்று மதியம், கதவைச் சாத்திக்கொண்டு.
நடுவில் ஒருமுறை தலையை நீட்டி
"நம்பகமானவர் என்று எப்படி எழுதுவது?" என்றார்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
யாரைப் பற்றி என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் நேர்காணல். ஐலியின் கோட்டு,
தோளில் கொஞ்சம் இறுக்கம்.
எதிரில் ஓபல் விட்டேக்கர், அந்தப் பள்ளியில் படித்தவர்.
மதிப்பெண்ணைக் கேட்பார் என்று
எட்டு மணி நேரம் வண்டியோட்டிக்கொண்டே
பதிலை மனப்பாடம் செய்திருந்தேன்.
கேட்கவில்லை.
தாளைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"நீங்கள் விரல்விட்டு எண்ணுவீர்களாமே?"

ரூடி!
இவருக்கு நீங்கள் சொன்ன அறிவுரை என்ன என்ற கேள்விக்கு
அவர் எழுதிய முழுப் பதிலை வாசித்தார்:
"விரல்விட்டு எண்ணாதே என்றேன். நிறுத்தவில்லை.
பதினோரு வருடத்தில் ஒருமுறையும் தப்பவில்லை.
நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்."

ஓபல் விட்டேக்கர் சிரிக்கவில்லை.
"காட்டுங்கள்" என்றார்.
ஒரு கப்பல், நூற்றிருபது பெட்டி, பாதி வழியில் பழுதான ஒரு ரயில்.
என் கைகள் மேசைக்கு மேலே வந்தன.
மோதிர விரலில் ஒருமுறை தடுமாறி
முதலிலிருந்து எண்ணினேன்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அல்லது நான் அவரைப் பார்க்கவில்லை.

மார்ச் கடைசியில் பதில்: காத்திருப்போர் பட்டியல்.
"இல்லை" என்பதற்கு மரியாதையான பெயர் என்கிறாள் ஐலி.
இருக்கலாம்.
விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே மிச்சம்
என்கிறது கடிதம்.
எண்ணத் தெரியும் எனக்கு.

இன்று பனி உடைந்து முதல் கப்பல் உள்ளே வந்திருக்கிறது.
மேடை காலியில்லை. வெளியே ஏரியில் இன்னும் இரண்டு
நங்கூரமிட்டு, விளக்கெரிய நிற்கின்றன.
மணிக்கொருமுறை ரேடியோவில் கேட்கிறார்கள், எப்போது என்று.

தெரியவில்லை என்கிறேன்.
எஞ்சினை அணைக்காதீர்கள் என்கிறேன்.