இரண்டரை பேர்

மனாமா, சீஃப் பகுதி, பதினோராம் மாடி.
கடல் தெரிய வேண்டிய சன்னலில்
இன்றைக்குத் தூசிதான் தெரிகிறது.
உள்ளே பதினெட்டுப் பாகை. எல்லோர் தோளிலும் சால்வை.
பயங்கரவாதத்தை நாங்கள் குளிரில் வைத்துத்தான் படிக்கிறோம்,
மீனைப் போல.

வேலை எளிது.
செய்தியைப் படி. நாள், இடம், ஆயுதம், யார், எத்தனை.
ஒரு சம்பவத்துக்கு நூற்றிருபது கட்டங்கள்.
தெரிந்தால் எண்; தெரியாவிட்டால் மைனஸ் ஒன்பது.
முதல் மாதம் அதை அடிக்கும்போது கை தயங்கியது.
இப்போது என் விசைப்பலகையில்
ஒன்பதுதான் முதலில் அழிந்திருக்கிறது.

பயங்கரவாதம் என்றால் என்ன என்று
கையேட்டின் முதல் அத்தியாயம் பதினாறு பக்கம் சொல்கிறது.
அரசு செய்தால் அது வேறு கோப்பு.
அந்தக் கோப்பு எந்த மாடியில் என்று
நேர்முகத் தேர்வில் கேட்டேன். சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்; விசாவுக்கு அது தேவை.

வருடத்துக்கு ஒருமுறை ஹோட்டல் மண்டபம்.
அதே நாற்பது பேர் வருவார்கள்,
ஒருவர் அடிக்குறிப்பில் மற்றவர் குடியிருப்பவர்கள்.
'வேர்க் காரணம்' என்பார் ஒருவர்.
'தரவு போதாது' என்பார் அடுத்தவர்.
நிதி தந்த அமைச்சகத்துக்கு முன்வரிசை.
ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:
குண்டு வைத்த ஒருவனோடாவது பேசியவர்
இந்த அறையில் எத்தனை பேர்?
இரண்டு கைகள் உயர்ந்தன.
அதில் ஒன்று தண்ணீர் கேட்டு.

போன செவ்வாய்க்கிழமை
பழைய ஆண்டுகளைச் சரிபார்க்கும் முறை எனக்கு.
வரிசை 48213.
ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்;
கடந்துபோய்த் திரும்பி வந்தேன்.
எங்கள் சந்தி.

ஒரே காலை, ஒரே வீதி, இரண்டு வெடிப்பு.
இறந்தோர் ஐவர் என்று எழுதிய பத்திரிகை
எங்கே எத்தனை என்று எழுதவில்லை.
அப்படியானால், கையேடு, பிரிவு நான்கு:
சமமாகப் பங்கிடு.

48213: இரண்டரை பேர்.
48214: இரண்டரை பேர்.

பிழை இல்லை. கூட்டினால் சரிவரும்.

நான் அங்கே நின்றேன்.
பதினொரு வயது, கையில் அரை றாத்தல் பாண்.
தபாற்கந்தோர் மதிலடியில் நாலு பேர்.
பாலத்தடியில் ஒருவர்: சூசைமுத்து, கச்சான் வண்டி.
வண்டி கவிழ்ந்த பிறகும்
கச்சான் கொஞ்ச நேரம் சூடாகவே கிடந்தது.
நாலும் ஒன்றும்.

திருத்தப் போனேன்.
'மூலம்?' என்று கேட்டது கட்டம்.
அச்சில் வந்த, ஒன்றையொன்று சாராத இரண்டு வேண்டும்.
பதிவு செய்பவரின் ஞாபகம் மூலம் ஆகாது.
சரியான விதி. வேறு யாராவது இப்படி வந்து நின்றால்
நானே மறுத்திருப்பேன்.

பின்னால் ரஃபல் வந்து நின்றாள்,
குழுத் தலைவி, மோசுல்காரி.
திரையை நெடுநேரம் பார்த்தாள்.
"உன்னுடையதா?"
தலையாட்டினேன்.
"என்னுடையவை பதினேழு. ஒன்றில் முக்கால் ஆள்."
பிறகு, வழக்கமான குரலில்:
"வியாழன் ஏழாம் பதிப்பு வெளியாகிறது.
நாளைக்குள் பூட்ட வேண்டும்."

பூட்டினேன்.

எங்கேயோ யாரோ இதில் சராசரி எடுப்பார்,
இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக.
அப்போதும்
மதிலடியிலிருந்து ஒன்றரைப் பேர்
பாலத்தடிக்கு நடந்துபோய்
சூசைமுத்துவுக்குத் துணை நிற்பார்கள்.
அவர் ஒருபோதும் தனியே நின்று வியாபாரம் செய்தவரில்லை,
பேச்சுக்கு ஆள் வேண்டும் அவருக்கு.
இப்படி நினைக்கத் தொடங்கினால்
இந்த வேலையில் நீடிக்க முடியாது என்றும் தெரியும்.

மாலை, குதைபியா பஸ் நிறுத்தம்.
தூசியில் யார் முகமும் தெரியவில்லை.
எண்ணிவிட்டேன், பழக்கம்:
கூரைக்குக் கீழே நாலு பேர்.
வெளியே, கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டு,
ஒருவர்.