கோடு குறைந்த எழுத்து

தரகுக்காரி சொன்ன சொல் ஷாங் மென்.
வாசலேறி வருகிறவன்.
காதுக்கு மரியாதையாகத்தான் இருந்தது,
எரிவாயு உருளை தூக்கி வருகிறவனுக்கும்
குழாய் ரிப்பேர்காரனுக்கும்
அதே சொல் என்று தெரியும்வரை.

என் அண்ணிகள் அடுப்படியில் சொன்னது வேறு:
தாவ் சா மென்.
தலைகீழாகச் செருகிய கதவு.
அலுமினியக் கதவு மாட்டுவது என் பிழைப்பு.
பதினொரு வருஷத்தில் ஒன்றைக்கூட
தலைகீழாக மாட்டியதில்லை,
என்னைத் தவிர.

அன்ஹுவேய் மலையில் நாங்கள் ஆண்கள் மூவர்,
வீடு ஒன்றரை.
அரை வீட்டுக்கு எவளும் வரமாட்டாள்.
முழு வீடு ஒன்றுக்கு நான் போனேன்.
ஜூஜியில் இறங்கும்போது
கையில் ஒரு பெட்டி, ஒரு துளைக்கருவி.
ஊரெல்லாம் காலுறை ஆலை.
ஜோடி சேராத காலுறைகள்
மூட்டை மூட்டையாய் நடைபாதையில்.

ஒப்பந்தத்தில் ஏழு ஷரத்து.
முதல் பிள்ளைக்கு லோ என்ற குடும்பப்பெயர்.
இரண்டாவது பிறந்தால் ஷே, அதாவது என்னுடையது.
புத்தாண்டு இங்கே.
மூன்றாம் நாள் பெற்றோரைப் பார்க்கப் போகலாம்,
ஒற்றைப்படை ஆண்டுகளில்.
பெருவிரலைச் சிவப்பு மையில் அழுத்தினேன்.
மை போக நாலு நாள்.
சோப்பு அவர்கள் வீட்டுச் சோப்பு.

இரண்டாவது பிறக்கவில்லை.

அகராதிக்காரர்களின் சொல் ஜுவேய்.
பதினான்கு கோடுகள், அடியில் ஒரு சிப்பி.
சிப்பி என்றால் அந்தக் காலத்துக் காசு.
கடனுக்கு அடகு வைத்த மகனாம்.
அதே எழுத்தை உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரிலும் பார்த்தேன்:
உபரிச் சதையைக் கரையுங்கள் என்றதில்
உபரி நான்தான்.
பிறகு மாமனாரின் இதய ஸ்கேன் தாளில்,
வால்வில் வேண்டாத வளர்ச்சி.
வரிசையில் நின்று அதை வாங்கினேன்,
நாலாக மடித்தேன்,
பித்தம் என்று சொன்னேன்.

அவர் என்னைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை.
அன்ஹுவேய், உப்பு.
அன்ஹுவேய், மழை வருது, துணியை எடு.
ஒரு மாகாணமே ஓடிப்போய்த் துணி எடுக்கும்.

என் மனைவி பெயர் ஷிங்தி.
அதன் கடைசி அசையில் ஒரு தம்பி இருக்கிறான்:
அடுத்ததாவது ஆணாகட்டும் என்று வைத்த பெயர்.
தம்பி வரவில்லை.
நான் வந்தேன்.
ஒரு சண்டையில் இதைச் சொல்லிவிட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை அவள்.
மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது
என்னவோ நினைத்துச் சிரித்தாள்.
கண்ணாடியெல்லாம் நுரை.

மகள் ஒன்றாம் வகுப்பில் குடும்பப் படம் வரைந்தாள்,
ஒவ்வொரு தலைக்கு மேலும் பெயர் எழுதி.
லோ, லோ, லோ.
என் தலைக்கு மேல்
எழுதி அழித்த கறை.
"உங்களோடது கஷ்டம்பா" என்றாள்.

பனிக்காலம் முடியுமுன் மாமனார் போனார்.
கல் செதுக்குகிறவன் எழுத்துக்கு நாற்பது யுவான் கேட்டான்.
என் பெயருக்கு முன்னால் என்ன போட?
மருமகன் என்றால் பன்னிரண்டு கோடு.
மகன் என்றால் மூன்று.
கூலி ஒன்றுதான்.
ஷிங்தி தன் காலணியைப் பார்த்தாள்.
நான் அவனுடைய உளியைப் பார்த்தேன்,
நல்ல உளி.
மாமியார் கல்லைத் தட்டிப் பார்த்து,
போன வருஷம் இதே கல் இருநூறு குறைவு என்று
இன்னொரு முறை சொல்லிவிட்டு,
"கோடு குறைஞ்சதைப் போடு" என்றார்.
"நிறையக் கோடுன்னா பாசி பிடிக்கும்.
யாரு வந்து தேய்க்கிறது?"

யார் தேய்ப்பது என்று
அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

உயிரோடிருப்பவர்கள் பெயரைச் சிவப்பில் எழுதுவது வழக்கம்.
லோக்களின் ஓரத்தில் என் ஷே,
அதன் தலையில் மூன்று கோடு.
ஈரம், தொடாதே என்றான்.
தொட்டுவிட்டேன்.
பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட வேண்டும்.