பச்சை மண்

படிவத்தின் முதல் கேள்வி:
மிதிவண்டிகள் நிறுத்த வசதி உண்டா?
டோஸோவுக்குத் தெற்கே தார் தீர்ந்து
மணலில் நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.
வேம்பின் நிழலில் ஒரு கழுதை.
உண்டு என்று எழுதினேன்.

இரண்டாவது: நீர்ச் சிக்கனக் குழாய்கள்.
குழாயே இல்லை.
மருத்துவச்சி பிபாத்தா விடிந்ததும்
வண்டிக்காரனிடம் நாலு கேன் வாங்குகிறாள்.
இரண்டு பிரசவம், ஒரு தையல்,
வழியில் போன யாரோ ஒருவரின் தாகம்
எல்லாம் போக
இருட்டும்போது அரைக் குவளை மிஞ்சுகிறது.
இதற்கு எத்தனை மதிப்பெண்?
காலியாக விட்டேன்.

நியாமேயில் எனக்கு உத்தியோகம் இது:
நாடா, வெப்பமானி, ஜீப்,
பசுமைக் கட்டடம் எனப் பொறித்த பித்தளைத் தகடு.
போன மாதம் ஒரு வங்கிக்கு மாட்டினேன்.
மேற்கு முழுக்கக் கண்ணாடி,
மொட்டைமாடியில் சூரியத் தகடு,
பின்கட்டில் மூன்று ஜெனரேட்டர்
கட்டிப்போட்ட எருமைகளாய் மூச்சிரைக்கும்.
எழுபத்தொன்பது மதிப்பெண்.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இங்கே
பின்னால் தோண்டிய குழிதான் சுவராகி எழுந்திருக்கிறது.
சூளை ஏறாத பச்சைக்கல், இருபதாயிரம்.
உத்தரம் கிடையாது, ஒரு மரமும் சாயவில்லை;
கல் கல்லின் தோளில் சாய்ந்து சாய்ந்து
வளைந்து கூரையாகிவிட்டது.
உச்சியில் உடைந்த பானைகளின் கழுத்துகளைப் பதித்திருக்கிறார்கள்.
வெயில் அதில் காசு காசாக விழுந்து
பகலெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் நகர்கிறது.
இயற்கை வெளிச்சம்: முழு மதிப்பெண்.
ராத்திரியில், பல்லில் கவ்விய டார்ச்.
குழியில் இப்போது தண்ணீர், தவளை,
கொசு.
கொசுவைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை.

கட்டி முடித்து ஏழு வாரம் யாரும் வரவில்லையாம்.
'ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி இருக்கிறது,
பிள்ளையை வேகவைக்கவா?' என்றார்கள்.
ஹம்ஸாத்து சொன்னது வேறு:
'என் வீடு மண். என் குதிர் மண்.
பெறுவதற்காவது சிமெண்டுக்குப் போகிறேனே.'
போனாள், முற்றத்துக்கு அந்தப் பக்கம்,
தகரக் கூரை போட்ட பழைய வார்டுக்கு.
ஏப்ரல். உச்சி வேளை.
மூன்று மணி நேரம் முக்கியவள்
எழுந்து, யார் கையையும் பிடிக்காமல்,
சுடுமணலைக் கடந்து
இந்த வளைவுக்குள் வந்து விழுந்தாள்.
கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்:
'அங்கே மூச்சு இல்லை.'

அளந்தேன். வெளியே நாற்பத்து நாலு.
தகரத்தடியில் நாற்பத்தேழு.
இங்கே முப்பத்திரண்டு;
மூலைக் கட்டிலில் ஒரு பச்சை உடம்புக்காரி
போர்வையை இழுத்துக்கொள்கிறாள்.
படிவம்: மிச்சப்படும் மின்சாரம், யூனிட்டில்?
கம்பியே வராத ஊரில்
மிச்சம் பூஜ்யம்.

குறையும் எழுதினேன். ஆகஸ்ட் மழையில்
வடகிழக்கு மூலை கரைந்து வழிந்தது.
கொத்தர் ஸூமானா சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசியிருக்கிறார்;
அடுத்த வருஷம் கூலி யார் தருவார் என்று
என்னைக் கேட்டார், எனக்குத் தெரியும் என்பது போல.
பிபாத்தாவுக்கு இடுப்பு உயரம் டைல்ஸ் வேண்டும்.
'மண் ரத்தத்தைக் குடித்துவிடுகிறது, நான் எதைக் கழுவ?'
டைல்ஸ் கப்பலில் வரும், இரண்டு மதிப்பெண் போகும்.
வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன்.
ஓரம் கணக்கில் சேராது.

கூட்டினால் இருபத்து மூன்று,
நூற்றுப்பத்துக்கு.
தகடு ஜீப்பிலேயே கிடந்தது.

கிளம்பும்போது பிபாத்தா தகட்டைப் பார்க்கவில்லை,
வெப்பமானியைப் பார்த்தாள்.
'தடுப்பூசிப் பெட்டிக்கு ஆகும்.'
அவள் தோளில், பிறந்து ஒரு பகலான பச்சை மண்
கொட்டாவி விட்டது.
கொடுத்துவிட்டேன்.

அலுவலகத்தில் அதற்கும் ஒரு படிவம்.
கருவி தொலைந்த இடம்?
முப்பத்திரண்டு டிகிரியில்
என்று எழுதினேன்.