ஈற்றடி

ரோலண்ட் ஃபாசெட் அந்தப் பெட்டியை
தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனையில்
ஐம்பது பென்ஸுக்கு வாங்கியது
வானொலி கேட்க.
மலைகள் மறைக்கும் அந்தப் பள்ளத்தில்
வானொலி மணலைத்தான் மென்றது.
உள்ளே யாரோ விட்டுப்போன ஒலிநாடா.
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியும் வெளியே வரவில்லை.
பின்னோட்டும் பொத்தான் செத்திருந்தது.
ஒரு பக்கம் முடிந்தால்
தானே மறுபக்கம் திரும்பி ஓடும்,
அவ்வளவுதான்.

ஆக, கம்பிரியாவில், ஏப்ரல் மாதத்தில்,
தகரக் கொட்டிலில்
நூற்றுப்பத்துச் சினை ஆடுகளும் அவரும்
அன்றிரவு கேட்டது
பழைய ஆங்கிலக் கவிதைகள்.

வாசித்தவர் ஒரு பெண்.
தெற்கத்திக் குரல், இஸ்திரி போட்ட உயிரெழுத்துகள்.
ஒவ்வொரு கவிதைக்கும் முன் ஒரு மூச்சு,
அந்த மூச்சுக்கும் முன் தாள் புரளும் ஓசை.
மூன்றாம் கவிதையின் நடுவில்
எங்கோ தொலைவில் ஒரு லாரி.
அவருக்கு முதலில் பிடித்தது அந்த லாரிதான்.

பிறகு நடை.
மெல்ல ஒன்று, ஊன்றி ஒன்று,
மெல்ல ஒன்று, ஊன்றி ஒன்று,
முதுகில் வைக்கோல் கட்டோடு
மேடேறுகிறவன் வைக்கும் காலடி.
ஐந்து முறை ஊன்றியதும் நின்று மூச்சுவிடும்.
'இப்படித்தான் என்று
எவனும் சொல்லலையே' என்றார்
நாயிடம்.

பள்ளியில் சொன்னது வேறு.
பதினொரு வயது, வெள்ளிக்கிழமை,
வாத்தியார் பெல்லோஸின் வகுப்பு.
மனப்பாடமாய் ஒப்பிக்கையில்
மூன்றாம் பத்தியில்
மறந்தது ஓர் அடி.
வாங்கியது ஆறு அடி.

மூன்றரை மணி இருக்கும்.
தலையீற்று ஆடு ஒன்று முக்கியது.
மூக்கு வந்துவிட்டது, ஒரு கால் வந்துவிட்டது,
மற்றக் கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது.
முழங்கை வரை சோப்பு நுரை.
விரல் நுனியில் கண்ணை வைத்து
அந்தக் காலைத் தேடிக்கொண்டிருக்கும்போது
தாள் புரண்டது.
மூச்சு.
அதே கவிதை.

முதல் பத்தி அவருக்குத் தெரியும்,
உதடு தானாக அசைந்தது.
இரண்டாவதும் தெரியும்.
மூன்றாவதில் முதல் அடி,
இரண்டாம் அடி,
அடுத்தது அதுதான்.

ஆடு கத்தியது.

கத்தி முடித்தபோது
கால் கைக்குள் இருந்தது.
அந்த அடி போயிருந்தது.
பிறகு இழுப்பு, ரத்தம், பனிக்குட நீர்,
மூக்கில் வைக்கோல் துரும்பு விட்டுத் தும்ம வைத்தது,
ஹெர்ட்விக் குட்டிகளுக்கே உரிய அந்தக் கருப்பு,
கரி மூட்டைக்குள்ளிருந்து எடுத்தாற்போல.
கவிதையின் மிச்சம்
காதில் ஏறவே இல்லை.

ஒலிநாடா மறுபக்கம் திரும்பியது.
அவர் வீட்டுக்குள் போய்ப் படுத்திருக்கலாம்.
தொப்புளுக்கு அயோடின் தடவினார்.
வாளி கழுவினார்.
கழுவிய வாளியை மறுபடி கழுவினார்.
யார் யாரோ யார் யாரையோ இழந்தார்கள்,
ஒரு பறவை வந்தது,
ஒரு கப்பல் போனது,
தெரியாத சொற்களும் நிறைய வந்தன.
ஆடுகள் அசைபோட்டன.
நாய் தூங்கிவிட்டது.
முதல் பக்கம் மறுபடி தொடங்கி
அந்த லாரி மறுபடி போனபோது
பழைய ஆளைப் பார்த்ததுபோலத் தலையசைத்தார்.

மருந்துக் கடையில்,
என் கடைதான்,
அயோடின் வாங்க வந்தவர்
இவ்வளவும் சொன்னார்.
அந்த அடி எதுவென்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, பில் போட்டேன்.
'ரொம்பச் சாதாரணம்' என்றார்.
'அடுப்படியில் புழங்குற வார்த்தைங்க.
எந்த மடையனுக்கும் ஞாபகம் இருக்கும்.'

கிழக்கு வெளுக்கையில்
அவர் அதை உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்,
ஆடுகளை நோக்கி,
வடக்கத்தித் தடிப்போடு.
போதும் என்று பொத்தானுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

குரல் நிற்கவில்லை.
அந்த அடிக்கு அப்பாலும்
இரண்டு பத்தி இருந்தது.
அன்று உள்ளங்கைகளை அக்குளில் பொத்திக்கொண்டு
ஜன்னலையே பார்த்து நின்றபோது
வேறு எவனோ ஒப்பித்து முடித்திருக்க வேண்டும்.

அயோடின் கறையோடு கை
பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.
குட்டி முதல்முறையாக எழுந்து
விழுந்தது.