கரகரப்பவை இடப்பக்கம்

பிப்ரவரி முழுக்க மழை.
டைவி ஆறு வேலிவரை வந்து பார்த்துவிட்டுப் போனது.
மின்கட்டண உறையின் பின்பக்கம்
இத்தெல் நடுவில் ஒரு கோடு கிழித்தார்:
இந்தப் பக்கம் முட்டை, அந்தப் பக்கம் கறி.

தொண்டையில் கத்தி வைத்த பிறகு
பெரும்பாலும் எழுதித்தான் பேசுகிறார்.
மிச்சமிருப்பது ஒரு காற்று,
மரத்தில் உப்புத்தாள் உரசுவது மாதிரி.
முப்பத்தோரு வருஷம்
கார்டிகன் சந்தையில் ஆடுகளை ஏலம் விட்ட தொண்டை.
வாங்க வராதவன்கூட
தன்னையறியாமல் கை தூக்கிவிடுவான்.

பெக்கின், என்று எழுதினார். ஏழு வாரத்தில் மூன்று கிலோ.
"தன் எடையைத் தானே சுமக்க முடியாமல்
நாலு எட்டுக்கு ஒருதரம் உட்காரும்" என்றேன்.
அடித்தார்.
காக்கி கேம்ப்பெல், வருஷத்துக்கு முந்நூறு முட்டை.
உரித்துப் பார்த்தால் புறா.
அதையும் அடித்தார்.
கயூகா அழகுதான், பச்சை மினுங்கும் கறுப்பு;
பிடுங்கிய தோலில் மூன்றுநாள் தாடிபோல்
கருங்குருத்து நிற்கும்.
யார் உட்கார்ந்து இடுக்கியால் எடுப்பது?

மஸ்கோவியை மறுத்தது நான்.
அது கத்தாது. சீறும், அவ்வளவுதான்.
இந்த வீட்டில் ஓசையில்லாத ஒன்று போதும்
என்று நாக்குவரை வந்ததைத்
தேநீரோடு விழுங்கினேன்.

மிஞ்சியது ஆப்பிள்யார்டு.
முட்டைக்கு முட்டை, கறிக்குக் கறி.
இரண்டிலும் முதலாவதில்லை,
இரண்டிலும் மோசமில்லை.
எங்கள் கல்யாணத்தின்போது
என் அக்கா சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

ஏப்ரலில் மிசஸ் பேவனிடம் பன்னிரண்டு குஞ்சுகள்.
பெயர் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.
நான் மீறவில்லை.
அவர் மீறினாரா, தெரியாது.
அவர் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

ஒன்பதாவது வாரம் அறுத்துவிட வேண்டும்.
தவறினால் புது இறகு முளைவிடும்,
பிறகு வாரக்கணக்கில் தீனி தண்டம்.
கத்தி தீட்டிக் கொப்பரை கழுவிய வெள்ளிக்கிழமை
ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது.
ஸ்வான்சிக்கு இரண்டுமுறை போனோம்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லைக்கு
மூன்று மூட்டைத் தீனி ஆனது.

ஆகஸ்ட் கடைசி. இருட்டும் நேரம்.
வால்சுருளைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை.
"குரலை வைத்துப் பிரி" என்றாள் பேவன், தொலைபேசியில்.
"பெட்டை ஊரைக் கூட்டும்.
ஆணுக்குத் தொண்டை கட்டியிருக்கும்."
சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும்,
வானிலை பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்தாள்.

ஒவ்வொன்றாக இத்தெல் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.
கத்துபவை வலப்பக்கம், வாழ.
கரகரப்பவை இடப்பக்கம், கூண்டுக்கு.
ஒன்று. மூன்று. ஐந்து.
ஆறாவதன் அலகில் காதை வைத்து
வெகுநேரம் கேட்டார்.
ஹ்ஹ், என்றது அது.
ஹ்ஹ், என்றார் இவர்.
டார்ச்சை நான் வேறு பக்கம் திருப்பினேன்.

தோள் குலுங்கியது.
சேற்றில் ஓடினேன். அழவில்லை,
சிரித்துக்கொண்டிருந்தார்.
கூண்டைக் காட்டினார், தன் கழுத்தைக் காட்டினார்,
பழைய மேடையில் நிற்பதுபோல் விரலை உயர்த்தினார்.
ஒருதரம்.
இரண்டுதரம்.
கை அங்கேயே நின்றது.

மறுநாள் ஐந்து. சுத்தம் செய்தபின்
ஒவ்வொன்றும் இரண்டேகால் கிலோ.
ஈரல் தனியே, கொழுப்பு ஒரு ஜாடி.
பெட்டைகளுக்கு ஒரு ஆண் வேண்டும்,
முதலிலிருந்தே கணக்கில் இருந்தது, என்று எழுதிக் காட்டினார்.
உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.
இருந்தது. ஓரத்தில்.
மை மட்டும் புதிது.

ஞாயிற்றுக்கிழமை,
வாத்துக்கொழுப்பில் உருளைக்கிழங்கு பொரியும் இரைச்சல்.
வெளியே ஆறும் சேர்ந்து ஊரைக் கூட்டுகின்றன.
என் பின்னால் நின்று ஏதோ சொன்னார்.
என்ன, என்றேன்.
அடுப்பைத் தணித்தேன்.
உப்பு, என்றார்.