மலருக்கு எழுதாதவை

பவளவிழா மலருக்குப் பெண்கள் சபையின் வரலாறு
அரைப்பக்கம் போதும் என்றார் பங்குச்சாமியார்.
வெள்ளிக்கிழமைக்குள். ஒரு குரூப் போட்டோவும்.

செயலாளர் நான்.
பூசைத்துணி பீரோவின் அடித்தட்டிலிருந்து
ஒன்பது நோட்டுகளை இறக்கினேன்.
முதல் நோட்டுக்கு அட்டை இல்லை;
மில் கூலிச் சீட்டுகளை ஒட்டித் தைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் நூற்றுப்பத்து நாள்
மில் கேட் பூட்டிக்கிடந்தது.
சங்கு ஊதாத காலையில்
மணி என்னவென்று
ஆரப்பாளையத்து அடுப்புகளுக்குத் தெரியவில்லை.
ஏழு பெண்கள். ஆறு கைநாட்டு.
எழுதத் தெரிந்த கித்தேரியம்மாள் எழுதியிருக்கிறாள்:
"உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துவைப்பது.
பிடி என்றால் அவரவர் பிடி.
யார் கை சின்னது என்று பேசக்கூடாது.
வாங்குகிறவர் பெயர் நோட்டில் ஏறக்கூடாது.
மாதாவுக்குத் தெரியும்."

அதனால் ஒன்பது நோட்டிலும் ஆளே இல்லை.
ஒரு வீடு, அரிசி இரண்டு படி.
ஒரு வீடு, பிரசவச் செலவு, ரூபாய் ஏழு.
ஒரு வீடு, பள்ளிக்கூடச் சட்டை இரண்டு,
அளவு தப்பு, மாற்றியாயிற்று.
வைகை கரையேறி வந்த மாதத்தில் மட்டும்
'ஒரு தெரு' என்று இருக்கிறது.
தொகை எழுதவில்லை. பக்கமே ஊறிப்போயிருக்கிறது.

புதன்தோறும் பெரியாஸ்பத்திரிக்குக் கஞ்சிவாளி.
ஒரு புதனில் இப்படி:
"ஒன்பதாம் வார்டு. தேடி யாரும் வராத பெண்.
கோடிச் சேலை ஒன்று, ரூபாய் பன்னிரண்டு.
நெற்றியில் குங்குமம் அழிந்திருந்தது.
வாங்கிவந்து திரும்ப வைத்தோம்.
இதுபற்றிக் கூட்டத்தில் விவாதம் நடந்தது.
பிறகு காபி வந்தது."

அந்த விவாதத்துக்கு என்ன கொடுத்தாவது
ஒரு தகவல் வாங்க ஆசை எனக்கு.
யார் கத்தியது, யார் அழுதது,
குங்குமம் வைத்த விரல் எவளுடையது.
கித்தேரியம்மாள் காபியோடு முடித்துவிட்டாள்.

எழுபத்துநாலில் பதினோரு ரூபாய் குறைகிறது.
பொருளாளர் மிக்கேலம்மாள்
சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனவள்
அதன்பின் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை.
ஆனால் ஞாயிறு தவறாமல்
அவள் வீட்டு அரிசி டப்பா வந்திருக்கிறது,
பத்தொன்பது வருஷம்,
யாராவது ஒரு பிள்ளை கையில்.

இனி மலரில் வராதது.

கோயில் பூட்டியிருந்த மே மாதம்.
கல்யாணம் நின்றுபோன ஊரில்
கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனின் பெண்டாட்டி நான்.
ராத்திரி கேட் கொண்டி சத்தம்.
எழுந்து பார்த்தால் பை மட்டும்:
அரிசி ஐந்து கிலோ, பருப்பு,
அருளப்பனின் பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை.
சரியான பவர்.

யாருக்குத் தெரியும் அந்தப் பவர்?
பிலோமினாவாக இருக்கும். மெடிக்கலில் அவள் தம்பி.
கோயில் திறந்தபிறகு மூன்று ஞாயிறு
அவள் நிற்கும் வாசலை விட்டு
பக்கவாசல் வழியே போனேன்.
வாங்கிக்கொடுத்தே பழகிய கை
வாங்கும்போது எப்படி மடங்கும் என்று
ஒன்பது நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

நோட்டு என் வீட்டில்தான் இருந்தது.
எழுதவேண்டியவளும் நான்தான்.
'ஒரு வீடு. அரிசி ஐந்து கிலோ. பருப்பு.'
மாத்திரையை விட்டுவிட்டேன்.
அந்த 'ஒரு' மட்டும்
கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது,
பின்பக்கம் தடவினால் தெரியும்.

சரி. அரைப்பக்கம் எழுதியாயிற்று:
ஏழு பேரால் தொடங்கப்பட்டது,
இன்று நாற்பத்திரண்டு உறுப்பினர்கள்,
எண்ணற்ற அறப்பணிகள்.
சாமியாருக்குத் திருப்தியாக இருக்கும்.
போட்டோவில் பிலோமினா என் பக்கத்தில் நிற்கிறாள்.
இன்னும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குக்கர் வைக்க அரிசி அளந்தேன்.
ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு
ஈரக்கையோடு திரும்ப உட்கார்ந்து
எழுபத்துநாலாம் வருஷப் பக்கத்தை
போனில் மூன்றுதரம் கூட்டிப் பார்த்தேன்.

பதினோரு ரூபாய் இன்னும் இடிக்கிறது.