சூடு காட்டும் முள்

சாவியைத் திருப்பினால் போதும்,
மோட்டர் இன்னும் இருமக்கூட இல்லை,
முள் ஓடிப்போய்ச்
சிவப்பில் நிற்கிறது.

மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர்.
பெப்ரவரி, காலை ஆறே முக்கால்.
கையை விட்டால் விரல் மரத்துப்போகும்.
"நாப்பது குதிரைக்கா,
ஒண்ணுகூட ஓடல,
அதுக்குள்ள வேர்த்துருச்சு" என்கிறான் மரியசீலன்.
மூன்று நாளாய் அரை வேகத்தில்தான்
அக்கரைக்குப் போய் வருகிறான்.
எஞ்சின் பிடித்துக்கொண்டால்
லீசிங்காரன் இவனைப் பிடித்துக்கொள்வான்.

ஹட்டனில் ஒன்பது மாதம் வயரிங் படித்தேன்.
ஆட்டோக்களும் ஒரு செத்த லொறியும் இருந்தன,
போட் இல்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபோது
அதை நான் சொல்லவில்லை.

முதலில் தண்ணீர்.
ஓடவிட்டுப் பின்பக்கம் குனிந்தேன்.
பக்கத்து ஓட்டையிலிருந்து நூலாய்ப் பீய்ச்சியது,
விட்டுவிட்டு அல்ல, ஒரே சீராய்.
உள்ளங்கையில் பிடித்தேன்: வெதுவெதுப்பு.
மூடியைக் கழற்றித் தலைமேல் கைவைத்தேன்.
பத்து எண்ணும்வரை பொறுத்தது.

டிஸ்பென்சரியில் ஒருநாள்
அம்மாவின் அக்குளில் வைத்த கண்ணாடிக் குச்சி
காய்ச்சல் இல்லை என்றது.
மலைக்குப் போனாள், மழையில்,
அரைப்பேர்தான் விழுந்தது.
ராத்திரி நெற்றியைத் தொட்டது நான்.
அதிலிருந்து எது எதைக் காட்டினாலும்
ஒரு தடவை தொட்டுப்பார்க்கிற புத்தி.

போட்டுக்குள் ஐந்து பேர், ஐந்து வைத்தியம்.
கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தவர்
பம்பை மாற்றச் சொன்னார்.
கோழிக்கூடைக்காரி
பாவாத மலைக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள்.
கணக்கு டீச்சர் மணியைப் பார்த்தார்.

சென்சரில் செருகிய வயரை இழுத்தேன்.
முள் அசையவில்லை.
ஆக, குற்றம் அதனுடையது அல்ல.
ஸ்டீயரிங் பக்கம் வந்து
கேஜின் முதுகிலிருந்து அதே வயரைப் பிடுங்கினேன்.
பொத்தென்று விழுந்தது முள்.

இரண்டு முனைக்கும் நடுவே
பதினாலடி வயர்.
எங்கேயோ உடம்பைத் தொடுகிறது.
பேன் பார்ப்பதுபோல் விரல்விரலாய் நகர்ந்தேன்,
பெற்றோல் டாங்குக்குக் கீழே,
பலகைக்குக் கீழே,
போன வருசத்து மீன் செதிலுக்குக் கீழே.

"இந்தக் குடைக்கம்பு எப்ப நட்டது?"
"போன கிழமை. டூரிஸ்ட்டுக்கு, நிழலுக்கு."
"ஆணி?"
"நாந்தான் அடிச்சேன்."
வயரின் வயிற்றைக் குத்திக்கொண்டு
அலுமினியத்தில் இறங்கியிருந்தது
அவனுடைய திருகாணி.

வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினேன்.
சாவியைத் திருப்பினான்.
இப்போது முள் அடியில் கிடந்தது,
எழவே இல்லை.
"செத்துப்போச்சா?"
எஞ்சின் ஆறிவிட்டது என்றேன்.
அவன் முகத்தில் நம்பிக்கை ஏறவில்லை.

சென்சரைத் திருகி எடுத்தேன்,
பித்தளை, சுண்டுவிரல் அளவு.
அதன் கழுத்திலிருந்து பற்றரிக்கு ஒரு வயர் இழுத்தேன்.
மரியசீலனின் பிளாஸ்கிலிருந்து
மூடி நிறையச் சாயத்தண்ணி ஊற்றி
அதற்குள் முக்கினேன்.

ஒன்றுமில்லை.
பிறகு, முள்
தூக்கம் கலைந்த மாதிரி எழுந்தது.
முதல் கோடு. இரண்டாவது கோடு.
ஐந்து பேரும் ஒரு பக்கம் குனிந்ததில்
போட் சாய்ந்தது, கோழி கத்தியது.
டீச்சர்தான் சத்தமாய்ச் சிரித்தது.
சாயத்தண்ணி ஆற ஆற
முள்ளும் இறங்கியது, அவசரமே இல்லாமல்.

அவன் மூடியை எடுத்துக் குடித்துவிட்டான்.
"ஐயோ, கிறீஸ்!" என்றார் டீச்சர்.
"சீனிதான் கம்மி."

எழுநூறு கேட்டேன். ஐநூறும்
ஒரு ஜப்பான் மீனும் கிடைத்தது.

முழு வேகத்தில் போனார்கள்.
தண்ணீர் வற்றி வெளியே வந்த
பழைய கோயில் கூரையைச் சுற்றி வளைந்தார்கள்.
நடு நீரில் சத்தம் நின்றது.
எனக்கு வயிறு இறுகியது.
அவன் எழுந்து பின்பக்கம் போவதும்
மூடியைத் தூக்கிக் கைவைத்து நிற்பதும்
சின்னதாய்த் தெரிந்தன.
நானும் கரையில் எண்ணினேன்.

ஒன்பதில் மோட்டர் கிளம்பியது.